பிரியாவிடைக்குப் பிறகும் வரிசையில்

கொட்டாஞ்சேனையில் என் மாமியாரின் வீட்டில் எங்களுக்குப் பிரியாவிடை விருந்து நடந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு பதினான்கு வருடங்கள் நாங்கள் கொழும்பிலேயே இருந்தோம்.

விருந்துக்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என் கணவருக்கு ஒரேயொரு அக்கா. கல்யாணம் முடித்து அமெரிக்காவுக்குப் போனவர். அங்கே குடியுரிமை கிடைத்த கையோடு, தம்பியையும் தம்பி குடும்பத்தையும் கூப்பிடுவதற்கு மனுப் போட்டார். அப்போது மகள் முதலாம் வகுப்பில் இருந்தாள். மனுக் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. பிறகு இரண்டரை வருடம் ஒரு சத்தமும் இல்லை. மச்சாள், அதுதான் கணவரின் அக்கா, மனுவைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்பார். "இன்னும் பார்க்கவில்லை" என்பார்கள். மாமி ஞாயிறு பூசையில் அந்தக் கந்தோருக்காக மெழுகுதிரி கொளுத்துவார், வீட்டுக்கு வந்து அதே கந்தோரைத் திட்டுவார்.

"ரெண்டரை வருஷமா ஒரு கடதாசியைப் பார்க்க ஏலாதா அவங்களுக்கு? அப்படி என்ன வேலை, மகள்?" என்று என்னிடம்தான் கேட்பார்.

ஒரு காலையில் மச்சாள் எடுத்தார். "அப்ரூவ் ஆகிடிச்சி! அம்மாக்கிட்ட குடு, அம்மாக்கிட்ட குடு" என்று கத்தினார். போனைக் கையில் வாங்கிய மாமி எதையும் முழுதாகக் கேட்கவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமையே விருந்து என்று முடிவாகிவிட்டது.

மஞ்சள் சோறு, கோழிக் கறி, கட்லட், பட்டிஸ், விமானம் வரைந்த ஐசிங் கேக். துறைமுகத்தில் கணவரோடு வேலை செய்தவர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். எங்கள் கல்யாணத்துக்கு மனமில்லாமல் வந்த என் அம்மா, அன்றைக்கு மாமியின் தோளில் சாய்ந்து அழுதார். சம்பந்திகள் இருவரும் அப்படி நெருங்கியது அதுதான் முதல் தடவை. பங்குத் தந்தை எங்கள் மூவரின் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். மூன்று சூட்கேஸ்கள் பரிசாக வந்தன. யாரோ ஒரு குளிர் ஜாக்கெட்டும் தந்தார்கள். அதற்குள் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

நானும் நன்றாக அழுதேன்.

அந்த நேரம் நான் வெள்ளவத்தையில் ஒரு லேடி டொக்டரின் டிஸ்பென்சரியில் நம்பர் துண்டு கொடுக்கும் வேலையில் இருந்தேன். வருபவர்களின் பெயரைக் கேட்டு, நம்பர் கொடுத்து, முறைப்படி உள்ளே அனுப்புவது. விருந்துக்கு அடுத்த நாளே டொக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, வேறு ஆளைப் பார்க்கும்படி கேட்டேன். அவரும் ஒரு பிள்ளையைப் பிடித்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு வேலை பழக்கினேன். பழக்கி முடிந்தது. மாதங்கள் போயின. போகும் திகதி மட்டும் வரவில்லை. ஒரே கவுண்டருக்குப் பின்னால் இரண்டு கதிரையில் இரண்டு பேர் இருந்தோம். டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. நோயாளிகள்தான் கேட்டார்கள்.

"என்ன அக்கா, இன்னும் போகேல்லையோ?"

"போகப் போறம்."

ஒருநாள் மச்சாளுக்கு எடுத்து, வந்த கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்துக்கொண்டே போய், கடைசிப் பகுதியில் வேகமாக ஓடினார்.

"நில்லுங்கோ மச்சாள். அந்த இடத்தைத் திருப்பி வாசியுங்கோ."

"அது ஒண்டும் இல்ல. விசா நம்பர் தற்போது இல்ல என்டு போட்டிருக்கு. எல்லாருக்கும் சும்மா போடுறது."

நம்பர் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். நம்பர் இல்லை என்பதை யாரும் சும்மா போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேரிடம் அதே வார்த்தையை நான் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன். "இண்டைக்கு நம்பர் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ."

வீட்டில் அப்போது இன்டர்நெட் இல்லை. காலி வீதி என்ற பெரிய தெருவில் ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. வேலை முடிந்து போகும் வழியில் அங்கே ஏறி, ஒரு மணித்தியாலத்துக்குக் கொம்பியூட்டர் எடுத்தேன். தேடிப் பார்த்தபோது, அமெரிக்க அரசாங்கம் மாதாமாதம் வெளியிடும் ஒரு அட்டவணை கிடைத்தது. கணவன் மனைவிக்கு ஒரு வரிசை, கல்யாணம் முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வரிசை, சகோதரங்களுக்கு ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சகோதரங்களின் வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது பத்துப் பதினொரு வருடம் பழைய திகதி. அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

பிழை இல்லை. அந்தத் திகதிக்கு முன்னர் மனுப் போட்டவர்களைத்தான் இந்த மாதம் கூப்பிடுகிறார்கள் என்பது அதன் பொருள். மச்சாள் மனுப் போட்ட நாள்தான் வரிசையில் எங்கள் இடம். "அப்ரூவ்" என்றால், நீங்கள் இந்த வரிசையில் நிற்கத் தகுதியானவர்கள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். நாங்கள் வாசலைத் தாண்டிவிட்டோம் என்று கேக் வெட்டியிருந்தோம்.

அடுத்தடுத்த மாதங்களிலும் போய்ப் பார்த்தேன். ஒரு மாதம் போனால் அந்தத் திகதியும் ஒரு மாதம் முன்னால் வரும் என்று நம்பியிருந்தேன். அப்படி வரவில்லை. ஒரு மாதம் மூன்று வாரம் நகரும். ஒரு மாதம் அசையாது. ஒருமுறை வந்த வழியே பின்னால் போனது. அதைப் பார்த்தபோது கடைக்காரத் தம்பி "என்ன மிஸ், வைரஸா?" என்று கேட்கும் அளவுக்கு முகத்தை வைத்திருந்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு அது மெல்ல மெல்லப் பிடிபட்டது. டிஸ்பென்சரியிலும் இதேதான் நடக்கும். இருபதாம் நம்பர்க்காரர் கணக்குப் பார்த்துக்கொண்டு ஆறு மணிக்கு வருவார். பத்தாம் நம்பரே உள்ளே போயிருக்காது. ஏனென்றால் ஒரு நம்பர் என்பது ஒரு ஆள் இல்லை. ஏழாம் நம்பரை எடுத்த அம்மா, இருமலுக்கு மூத்தவனையும் சொறிக்கு இளையவளையும் கூட்டிக்கொண்டு போய், கடைசியில் தன் பிரஷரையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். விசாவும் அப்படித்தான். ஒரு தம்பியைக் கூப்பிட்டால் அவரோடு மனைவி, பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு விசா கழியும். வருடத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வேறு. எதிர்பார்த்ததை விடக் கூடப் பேர் ஒரேயடியாக வந்து நின்றால், கதவைக் கொஞ்சம் சாத்துவார்கள். அந்த மாதம் திகதி பின்னால் போகும்.

இதை வைத்துக்கொண்டு எங்களுடைய முறை எப்போது வரும் என்று யோசித்தேன். பத்து வருடத்துக்குக் குறையாது. அதற்கு மேலும் போகலாம்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மூன்று நாள் வைத்திருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம், மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, அவரைக் கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். ரயில் பாதையைத் தாண்டிக் கல்லில் இருந்தோம். அவர் வடை வாங்கி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்பென்சரி உதாரணமும் சொன்னேன். அவர் வடையைத் தின்று முடித்தார்.

"அப்ப அம்மா வச்ச பிரியாவிடைச் சாப்பாடு?" என்றார் கடைசியில்.

"அது நல்லாத்தானே இருந்தது."

அவர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, எனக்கும் தொற்றிவிட்டது. பக்கத்தில் இருந்த காதலர்கள் எழும்பி வேறு கல்லுக்குப் போனார்கள். சிரித்து முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப மற்றப் பிள்ளை?"

எங்களுக்குள் இருந்த பேச்சு அது. இரண்டாவது பிள்ளையை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிக்கொண்டே வந்தோம். கைக்குழந்தையோடு எப்படிப் புது நாட்டில் இறங்குவது, விசா நேரம் வயிற்றில் பிள்ளை இருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். மகளுக்கு ஒன்பது வயது முடிந்து பத்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முப்பத்தாறு.

"பத்து வருஷம் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. எனக்கும் வயது போகுது" என்றேன்.

"நானும் அதைத்தான் கேக்கிறன்."

அடுத்த வருடம் மகன் பிறந்தான். விசா வரிசையை ஒழுங்காக விளங்கிக்கொண்டதால் பிறந்த பிள்ளை என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அந்த அட்டவணையைப் பார்க்காமல் இருந்திருந்தால், இன்னும் இரண்டு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று சொல்லிச் சொல்லியே நாற்பதைத் தாண்டியிருப்பேன். ஒரு சூட்கேஸில் அவனுடைய துணிகளை அடுக்கினோம். இன்னொன்றில் மாமி கிறிஸ்மஸ் குடிலின் உருவங்களைப் போட்டு வைத்தார். டிஸ்பென்சரியில் நான் பழக்கிய பிள்ளை, என் பிரசவ லீவு முழுக்கத் தனியாகக் கவுண்டரைப் பார்த்தாள். லீவு முடிந்து நான் திரும்பிய அன்றைக்குத்தான் டொக்டர் சொன்னார், "நீர் ஆள் பிடிக்கச் சொன்னது நல்லதாப் போச்சு."

மகன் வளர்ந்தான். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு நல்ல பிளாட்டுக்கு மாறினோம். போகிறவர்களுக்கு எதற்கு என்று பல வருடங்கள் வாங்காமல் விட்ட கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் வாங்கினோம். கணவர், வேண்டாம் என்று முன்னர் ஒதுங்கியிருந்த மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்து, அதைப் பெற்றார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோவில் திருவிழாவுக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். சூட்கேஸ் தந்தவர்கள் எல்லோரும் அங்கே நிற்பார்கள்.

"என்ன, வந்திட்டீங்களா, இன்னும் போகலியா?"

"பிளேன் லேட்" என்பார் கணவர்.

அட்டவணையைப் பார்ப்பதை நான் விடவில்லை. மாதத்தில் ஒருநாள், மத்தியான இடைவேளையில், சோற்றுப் பார்சலைப் பிரிப்பதற்கு முதல் பார்ப்பேன். போன் வந்த பிறகு போனில். நகர்ந்திருந்தால் கணவருக்கு ஒரு மெசேஜ். நகராவிட்டாலும் ஒரு மெசேஜ். அதற்குமேல் அது எங்கள் நாளைக் குழப்பவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தூதரகங்கள் பூட்டியபோது திகதி அப்படியே உறைந்து கிடந்தது. அதற்குப் பிறகு நாட்டில் காஸ் இல்லாமல், பெற்றோல் இல்லாமல் போன மாதங்களில், வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஒரு சிங்கள அம்மா தன் சிலிண்டரை என்னிடம் காட்டி, "நங்கி, டிக்கக் பலாகன்ன" என்று விட்டுவிட்டுப் போவார். பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் வந்ததும் நான் என்னுடையதை விட்டுவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுவேன். அந்த நாட்களில் எங்கள் பிளாட்டில் எல்லோருமே வெளிநாடு பற்றித்தான் கதைத்தார்கள். மேல்மாடியில் இருந்தவர் ஒருநாள் மனைவியோடு வந்தார். அவருடைய அண்ணனும் அமெரிக்காவில்.

"உங்கட லைன்ல எங்களையும் போடச் சொல்லலாமோ? எவ்வளவு காலம் எடுக்கும்?"

இருப்பதை இருந்தபடி சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் அமர்ந்துவிட்டார். மனைவிதான் தெளிவாகச் சொன்னார். "போடுவம். போட்டிட்டு மறந்து போய் எங்கட வேலையைப் பார்ப்பம்." எனக்கு விளங்க வருடங்கள் எடுத்த விஷயம் அவருக்கு ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் விளங்கிவிட்டது.

மகளின் விஷயத்தில்தான் எனக்கு நித்திரை கெட்டது. பிள்ளைகள் இருபத்தொரு வயதுக்குள் இருந்தால்தான் பெற்றோரின் மனுவோடு போகலாம். மனுப் போட்டபோது ஆறு வயதாக இருந்தவள் பல்கலைக்கழகத்துக்குப் போய், பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். கொள்ளுப்பிட்டியில் விசா வேலை செய்து கொடுக்கும் ஒருவரிடம் போய்க் கேட்டோம். அவர் எங்கள் திகதியையும் மகளின் வயதையும் பார்த்துவிட்டு, "மகளை மறந்திடுங்க. நீங்க மூண்டு பேர் போகலாம்" என்றார்.

வெளியே வந்து பஸ் ஏறினோம். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு எதற்குப் போவது? வீட்டில் சொன்னபோது மகள் இலேசாக எடுத்தாள்.

"நான் அம்மம்மாவோடயும் அப்பம்மாவோடயும் மாறி மாறி இருப்பன். ரெண்டு வீட்டுச் சாப்பாடு. எனக்கென்ன?"

ஆனால் அன்றைக்கு அவள் சோற்றை அளைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. திரும்பவும் வாசிக்கத் தொடங்கினேன். அட்டவணை வந்த அதே அரசாங்கப் பக்கத்தில், பிள்ளைகளின் வயது பற்றித் தனியாக ஒரு பகுதி இருந்தது. சட்டத்து ஆங்கிலம். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு மூன்று தரம் வாசிக்க வேண்டியிருந்தது. முறை வரும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஒரு காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். எந்தக் காலத்தை? மனுவைப் போட்ட நாளிலிருந்து அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாள் வரைக்கும், கந்தோரில் பார்க்கப்படாமல் கிடந்த காலத்தை. கந்தோரின் தாமதத்துக்குப் பிள்ளை பொறுப்பில்லை என்பது அதன் நியாயம்.

எங்களுக்கு அது இரண்டரை வருடம்.

கொட்டாஞ்சேனைக்குப் போய் மாமியிடம் சொன்னேன். மாமிக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை.

"மாமி, நீங்கள் திட்டித் திட்டி மெழுகுதிரி கொளுத்தின அந்த ரெண்டரை வருஷம்தான் இப்ப பேத்திக்குக் கை குடுக்குது. அவங்கள் அண்டைக்குச் சுறுக்கா முடிச்சிருந்தால் அவள் வெளியில."

மாமி யோசித்தார். "அப்ப அவங்களுக்கு ஒரு மெழுகுதிரி கடன் இருக்கு" என்றார். அடுத்த ஞாயிறு கொளுத்தினாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்காக எல்லாம் முடிந்துவிடவில்லை. கழித்த பிறகும் இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டுமென்றால், மகளுக்கு இருபத்து மூன்றரை ஆவதற்குள் எங்கள் முறை வர வேண்டும். அவள் கல்யாணம் முடித்திருக்கவும் கூடாது. முடித்தால் வரிசையை விட்டுப் போய்விடுவாள். அவளுக்கு அப்போதுதான் சம்பந்தங்கள் வரத் தொடங்கியிருந்தன. வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், எஞ்சினியர் பெடியன், எல்லாம் பொருந்தி வந்தது. என் அம்மாவுக்கு அதைக் கைவிட மனமில்லை.

"அம்மம்மா, நான் இப்ப கலியாணம் கட்டினால் விசா போயிரும். சட்டம் அப்படி" என்றாள் மகள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் இதையே சொன்னாள். சட்டத்தை இவ்வளவு சந்தோஷமாகக் கடைப்பிடித்த ஒருத்தியை நான் கண்டதில்லை. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. கேட்காமல் விட்டேன்.

கடைசி வருடம் திகதி எங்களுடையதுக்குக் கிட்ட வந்து, அங்கேயே நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்றாவது மாதமும் அப்படியே. அந்தப் பக்கம் மகளின் வயது நகர்ந்துகொண்டிருந்தது. சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோன நாட்கள் இருந்தன. கவுண்டரில் என்னோடு இருந்தவள், அந்தப் பழைய பிள்ளைதான், இப்போது அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், வேலை நேரத்தில் என் போனை வாங்கித் தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டத் தொடங்கினாள். "வேலை முடியத்தான் தருவன். இப்ப நம்பரைக் கூப்பிடுங்கோ அக்கா."

அடுத்த மாதம் அவளே லாச்சியைத் திறந்து பார்த்தாள். அவளுக்கும் இத்தனை வருடத்தில் அந்த அட்டவணை பழகிப் போயிருந்தது. பார்த்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினாள். எங்கள் திகதியைத் தாண்டிப் போயிருந்தது. கழித்துப் பார்த்தேன். மகள் உள்ளே. மயிரிழையில்தான், ஆனாலும் உள்ளே.

வெளியில் காத்திருந்தவர்களில் ஒரு ஐயா, "என்ன பிள்ளை அழுறீர், டொக்டருக்கு ஏதுமோ?" என்று பயந்து போனார்.

பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. பிறப்புப் பத்திரங்கள், மொழிபெயர்ப்பு, பொலிஸ் அறிக்கை, மருத்துவப் பரிசோதனை. கொள்ளுப்பிட்டியில் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் கிடைத்தது. நால்வரும் விடியவே எழும்பி, மாமி சொல்லியனுப்பியபடி ஜெபமும் செய்து, என் அம்மா தந்த திருநீறும் பூசிக்கொண்டு போனோம். கணவர், தானும் அக்காவும் சிறுவயதில் எடுத்த படங்களை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்தார். முதல் நற்கருணை உடையில் அக்கா நிற்க, பக்கத்தில் இவர் வாயில் விரலோடு நிற்கும் படத்தைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி பார்த்துச் சிரித்தார். பிறகு மகளின் கடவுச்சீட்டை எடுத்தார். சிரிப்பு போய்விட்டது.

"உங்களுக்கு இருபத்து மூன்று வயது" என்றார் ஆங்கிலத்தில்.

மகள் "ஆமாம்" என்றாள். அவர் கொம்பியூட்டரைப் பார்த்தார். எதையோ தட்டினார். எழும்பி உள்ளே போனார். கணவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் மோதிரம் விரலை அழுத்தியது. மகன் ஜன்னல் கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் மனதுக்குள் அந்தக் கழித்தலைத் திரும்பத் திரும்பச் செய்தேன். பிழைத்திருந்தால்? நான் வாசித்தது வேறு எதற்கோ உரிய விதியாக இருந்தால்?

அவர் திரும்பி வந்து அமர்ந்தார். "சரியாக இருக்கிறது. நால்வருக்கும் அனுமதி" என்றார்.

வெளியே காலி வீதியில் வெயில் கொதித்தது. கணவர் உடனே அக்காவுக்கு எடுத்தார். அங்கே இரவு. ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"அக்கா? இருக்கிறீங்களா?"

"இருக்கிறன்டா. நான் மனுப் போட்டப்ப என்ட தலைமுடி கறுப்பு." மூக்கை உறிஞ்சினார். "நீங்க வருவீங்க என்டுதான் ஒரு ரூம் கூடுதலா உள்ள வீடா வாங்கினன். என்ட பிள்ளைகள் அதுல வளர்ந்து, படிச்சி, போயும் போயிட்டாங்க. இப்ப மூண்டு ரூம் சும்மா கிடக்கு. வாங்கடா."

வரிசையில் நாங்கள் மட்டும்தான் நின்றோம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலும் ஒருவர் நின்றிருக்கிறார்.

பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். சோறும் கறியும் வந்தது. மகள் பப்படத்தை உடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, ஒரு விஷயம் கேக்கணும். அங்க போய் கிரீன் கார்ட் கிடைச்ச பிறகு, ஒரு ஆளைக் கல்யாணம் கட்டி எடுக்கிறதுக்கு எவ்வளவு காலம்?"

கணவரின் கை சோற்றில் நின்றது. மகன் உற்சாகமானான்.

"எந்த ஆள்?" என்றேன்.

களுபோவில ஆஸ்பத்திரியில் அவளோடு பயிற்சி எடுத்தவனாம். மட்டக்குளிப் பெடியன். மூன்று வருடமாம். சட்டத்தைக் காரணம் காட்டி அவள் திருப்பி அனுப்பிய எஞ்சினியர் பெடியனும் மற்றவர்களும் என் கண்ணுக்கு முன்னால் ஒருமுறை வந்து போனார்கள். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, வாய் முந்திக்கொண்டது.

"அது வேற லைன். எங்கடையைப் போல இல்லை, கட்டைதான், ஒரு சில வருஷம். நீர் அங்க போய் இறங்கின பிறகுதான் கலியாணம். அதுக்கு முன்னம் பதிவுக் கலியாண எழுத்துக்கூட வைக்கக் கூடாது, விளங்குதோ? பிறகு வந்து கட்டிப்போட்டு, உடன மனுவைப் போடும். ஒருநாள்கூடப் பிந்தாதையும்."

"நீர் என்ன, ஆளை யாரெண்டு கேக்காம லைனைச் சொல்றீர்?" என்றார் கணவர் என்னிடம்.

"நீங்கள் கேளுங்கோவன்."

அவர் மகளைப் பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் எவ்வளவு கேள்வி கேட்டார்கள் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்தார். "ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வரச் சொல்லு. மத்தியானம் சாப்பிடத் தக்கதா" என்றார்.

அவன் வந்தான், மாமிக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டு, எப்படிக் காலை நீட்டி மடக்குவது என்று காட்டிக் கொடுத்தான். மாமிக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. சாப்பிட்டு முடிந்து நான் அவனுக்கு அந்த அட்டவணையைப் போனில் எடுத்துக் காட்டினேன், எந்த வரியைப் பார்க்க வேண்டும், எந்த மாதிரி நகரும், பின்னால் போனால் ஏன் பயப்படத் தேவையில்லை என்பதெல்லாம். அவன் குனிந்து கவனமாகப் பார்த்தான். இடையில், தன்னுடைய இடம் எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்று ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. அடுத்த அறையில் மகள் தன் தம்பியோடு ஏதோ சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நான் அவனுக்குத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.